மறுபடியும் கூப்பிட்ட அணிகள்

பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் பதினைந்து ஜெர்சிகள் கிடக்கின்றன. அணிகள் பதினொன்றுதான். நாலு அணிகளின் ஜெர்சி மட்டும் இரண்டிரண்டு. 1999 முதல் 2016 வரை ஊர் ஊராகப் போய் பாஸ்கெட்பால் ஆடியவன் நான். அந்த நாலு அணிகளும் ஒரு சீசன் என்னை ஆடவைத்து, அனுப்பிவைத்து, பிறகு மறுபடியும் போன் போட்டுக் கூப்பிட்டவை. இந்திய அணியின் பயிற்சி முகாம் வரைக்கும் ஒரே ஒரு தடவை போனேன். கடைசிப் பன்னிரண்டு பேரில் என் பெயர் வரவில்லை. அதனால் இத்தனை வருஷ ஆட்டத்தில் எது பெரிது என்று கேட்டால் அந்த நாலு போன்களைத்தான் சொல்வேன். அவை ஏன் வந்தன என்று எழுதிவைக்க ரொம்ப நாளாக ஆசை. ரயில்வே, வங்கி மாதிரி டிபார்ட்மென்ட் அணிகளின் ட்ரையல்ஸுக்கும் கெஸ்ட் ஆட்டத்துக்கும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகளுக்கு இதில் ஏதாவது உதவும்.

எனக்குச் சொந்த ஊர் பெரியகுளம். எங்கள் ஊரில் மே மாதம் என்றால் மாம்பழமும் பாஸ்கெட்பாலும்தான். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு வடக்கிலிருந்தெல்லாம் அணிகள் வரும். ராணுவம், வங்கிகள், ரயில்வே, கேரள மின்வாரியம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்குவார்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். தோட்டத்து வேலை முடித்து வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த அம்மாக்கள், எல்லாரும் கேலரியில் இருப்பார்கள். நான் அப்போது வியர்வை சொட்டிய இடத்தைத் துணியால் துடைக்க உள்ளே ஓடும் பையன்களில் ஒருவன்.

எங்கள் பி.டி. மாஸ்டர் ஒரு நாள் என்னைக் கேலரியில் உட்காரவைத்து, "கண்ணை மூடுறா, கேளு" என்றார். மூடினேன். ஒரு பக்கத்து அணியிலிருந்து விடாமல் குரல் வந்துகொண்டே இருந்தது. மறுபக்கம் ஷூ தேயும் சத்தம் மட்டும். "எவன் ஜெயிப்பான்?" என்று கேட்டார். நான் குரல் வந்த பக்கத்தைக் கை காட்டினேன். ஆட்டம் முடிந்தபோது அவர்கள்தான் ஜெயித்திருந்தார்கள். பதினோரு வயதில் கேட்ட அந்தச் சத்தத்தின் அர்த்தம் எனக்கு உறைக்க இன்னும் பதினோரு வருஷம் ஆனது. அதற்கு விலையாக இன்னொருவனின் தோள் எலும்பு போனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விளையாட்டு விடுதியில் சேர்ந்தேன், அங்கிருந்து சென்னையில் ஒரு கல்லூரி. சீட்டு, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் பந்து வாங்கிக் கொடுத்தது. நான் கல்லூரிக்குள் நுழைந்த 2000-ஆம் ஆண்டில்தான் உலக பாஸ்கெட்பால் சம்மேளனமான ஃபீபா விதிகளை மாற்றியது. 20 நிமிஷம் இரண்டு பாதியாக ஆடிய ஆட்டம் 10 நிமிஷம் நாலு குவார்ட்டராக ஆனது. 30 வினாடிக்குள் ஷாட் என்பது 24 வினாடியாகக் குறைந்தது. ஐந்தடி பதினோரு அங்குலம் உயரமுள்ள பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன் நான்; எனக்கு அது வரம். ஆட்டம் வேகமானதால் வேகமாக முடிவெடுக்கிறவனைத் தேடினார்கள். அப்படித்தான் முதல் கெஸ்ட் அழைப்பு வந்தது.

கெஸ்ட் பிளேயர் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளப்புக்கு ஒரு போட்டிக்கு ஆள் குறைகிறது. போன் வரும். போக வர டிக்கெட், தங்க இடம், சாப்பாடு, கையில் ஒரு தொகை. வெள்ளிக்கிழமை ரயில் இறங்கினால் சனிக்கிழமை ஆட்டம். மே மாதத்தை ஒட்டிக் கோவை, கரூர், பெரியகுளம் என்று தமிழ்நாட்டிலேயே அடுத்தடுத்துப் பெரிய போட்டிகள் இருப்பதால் அந்த ஒன்றரை மாதம் துணி துவைக்கவும் நேரம் இருக்காது. கூட ஆடும் நாலு பேரின் பெயரே மனப்பாடம் ஆகியிருக்காது. அதற்குள் ஜம்ப் பால் போட்டு ஆட்டம் தொடங்கிவிடும்.

2004-இல் வடக்கே ஒரு நகரத்தில் அப்படி ஒரு ஆட்டம். அணியில் ஐந்து பேருக்கு ஐந்து ஊர். என் பக்கத்தில் ஆடியவர் பஞ்சாப்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆறடி நாலு. மூன்றாவது குவார்ட்டரில் அவர் எதிரணி ஷூட்டரைத் துரத்திக்கொண்டு பின்பக்கமாகவே கால் வைத்து நகர்கிறார். அவருக்குப் பின்னால் எதிரணியின் சென்டர், வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் பெரிய ஆள், வந்து ஸ்க்ரீனுக்கு நிற்கிறான். ஸ்க்ரீன் என்பது நம் ஆள் ஓடும் வழியில் எதிராள் தூண் மாதிரி வந்து நிற்பது. விதிப்படி சரியான ஆட்டம்தான். முதுகுப் பக்கம் நிற்கிறவனைத் துரத்துகிறவரால் பார்க்க முடியாது. பார்க்க முடிந்தவன் நான் ஒருத்தன்தான். பார்த்தேன். வாய் திறந்தேன். எந்த மொழியில் கத்துவது என்று மூளை ஒரு நொடி தடுமாறியது. "வலது!" என்று தமிழில் வந்தபோது அவர் மோதி, நிலைகுலைந்து, வலது தோள் தரையில் அடிக்க விழுந்திருந்தார். விழுந்தவர் அந்தக் கையை இடது கையால் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. காறை எலும்பு முறிந்திருந்தது.

அவரிடம் மன்னிப்புக் கேட்க ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு இந்தி சரியாக வராது. படுக்கை ஓரத்தில் நின்று, நான் பார்த்தேன், சொல்லவில்லை, என்று கைச்சாடையோடு தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் இடது கையைத் தூக்கி அந்தப் பக்கம் காட்டி "கப்பே" என்றார். வலியோடு கட்டுப் போட்ட பக்கத்தைக் கண்ணால் காட்டி "ஸஜ்ஜே" என்றார். இடது, வலது. பஞ்சாபியில் நான் கற்ற முதல் இரண்டு வார்த்தைகள் அவை.

மறுநாள் ஸ்டேஷனில் ஒரு பாக்கெட் நோட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு எந்த அணிக்குப் போனாலும் முதல் வேலை அந்த நோட்டில் ஒரு பக்கம் நிரப்புவது. வலது, இடது, பின்னாடி, விடு, நான் இருக்கேன், ஓடு, நில்லு. பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் போதும். "ஸ்க்ரீன்", "ஸ்விட்ச்", "ஹெல்ப்" எல்லாம் எல்லா ஊரிலும் ஆங்கிலத்தில்தானே என்று கேட்பார்கள். சரிதான், முதல் குவார்ட்டரில் ஆங்கிலம்தான். நாலாவது குவார்ட்டரில் மூச்சு வாங்கும்போது தாய்மொழிச் சொல்லுக்குத்தான் உடம்பு உடனே திரும்புகிறது. மலையாளிகளோடு எனக்குச் சிரமமே இல்லை, எடத்தும் வலத்தும் நம் சொற்கள்தான்.

வார்த்தைகளுக்கு அடுத்து இன்னும் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்வேன். எதிராள் ஸ்க்ரீன் போட்டால் இந்த அணியில் ஆளை மாற்றிக்கொள்வார்களா, சுற்றிக்கொண்டு துரத்துவார்களா, பெரிய ஆள் பின்வாங்கி நிற்பானா? இது முதல் கேள்வி. கோச்சிடம் கேட்டால் கோச் நினைப்பதைச் சொல்வார். அணியின் சென்டரிடம் கேட்டால்தான் உண்மையில் நடப்பது தெரியும். இரண்டாவது, யாரிடம் சத்தமாகச் சொல்லக் கூடாது? ஒவ்வொரு அணியிலும் ஒருத்தர் இருப்பார். கூட்டத்துக்கு முன்னால் கத்தினால் சுருங்கிவிடுவார். அவருக்கு மட்டும் பந்து நின்ற நேரத்தில் பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்துச் சொல்ல வேண்டும். என்னைவிட நன்றாக ஷூட் செய்த கெஸ்ட்கள் எத்தனையோ பேர் அந்த அணிகளுக்கு வந்துபோனார்கள். இருபது புள்ளி அடித்துவிட்டு யாரோடும் பேசாமல் ரயில் ஏறினார்கள். அடுத்த வருஷம் போன் எனக்குத்தான் வந்தது. "நீ இருந்தா பசங்க தப்பு பண்ண மாட்டாங்கடா தம்பி" என்று ஒரு கோச் சொன்னார். அதுதான் என் முதல் இரட்டை ஜெர்சி.

அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் இஷ் ஸ்மித் என்று ஒரு பாயிண்ட் கார்டு ஆடினார். ஆறடி உயரம்தான். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2010 டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு பதின்மூன்று அணிகளுக்கு ஆடினார். அத்தனை அணிகளுக்கு அந்த லீக்கில் அதுவரை யாரும் ஆடியதில்லை. 2023-இல் டென்வர் நகெட்ஸ் சாம்பியன் ஆனபோது அந்த அணியில் அவரும் இருந்தார். எல்லாரும் பதின்மூன்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பிலடெல்பியா, வாஷிங்டன், சார்லட் ஆகிய அணிகள் அவரை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சேர்த்துக்கொண்டன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருத்தரை அனுப்பிய இடத்திலேயே மறுபடியும் நாற்காலி போடுகிறார்கள் என்றால், அவர் லாக்கர் ரூமில் எப்படி இருந்திருப்பார் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி காகிதம். ஆட்டக்காரர்கள் படிக்காமல் விட்டுவிடும் இடம் இதுதான். ஒரு கிளப் 15,000 ரூபாய் பேசிக் கூப்பிட்டது. அரையிறுதியில் தோற்றோம். கையில் 4,000 கொடுத்து, மீதியை அனுப்பிவைக்கிறோம் என்றார்கள். வரவில்லை. திரும்பும் டிக்கெட்டும் அவர்கள் கையில் இருந்ததால் வாக்குவாதம் செய்யக்கூட எனக்குத் துணிவில்லை. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: போக, வர இரண்டு டிக்கெட்டும் என் பெயரில் என் கையில் வந்த பிறகுதான் பை கட்டுவேன். பேசிய தொகையில் பாதி முதல் ஆட்டத்துக்கு முன்னால். முதல் ஆட்டத்தின் முதல் நிமிஷத்தில் கால் பிசகினால் மருத்துவச் செலவு யாருடையது, பேசிய பணம் உண்டா இல்லையா என்பதை ஒரு குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் வாங்கிவிடுவேன். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். ஒழுங்காக நடத்தும் கிளப்புகள் கோபித்துக்கொண்டதே இல்லை.

வெளிநாடு என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 2008-இல் பத்து வாரம் மாலத்தீவில் ஆடினேன். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆடப் போகிறவருக்குக் கடைசியாக ஆடிய நாட்டின் சம்மேளனம் லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ் தர வேண்டும்; அது இல்லாமல் அங்கே பதிவு செய்ய முடியாது. அந்தக் கடிதத்தை முன்கூட்டியே கேட்காததால் என் முதல் வாரம் பெஞ்சில் போனது. சம்பளத் தகராறுகளைத் தீர்க்க ஃபீபா 2007-இல் ஒரு நடுவர் மன்றத்தைத் தொடங்கியது. இப்போது பாஸ்கெட்பால் ஆர்பிட்ரல் ட்ரிப்யூனல், சுருக்கமாக பாட் என்கிறார்கள். வழக்கு அங்கே போக வேண்டுமானால் தகராறு வந்தால் பாட் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறோம் என்ற ஒரு பத்தி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்தப் பத்தி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

மாலே ஒரு சின்னத் தீவு. காலையில் ஓடத் தொடங்கினால் நாலு பக்கமும் கடலைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். மாஸ் ஹுனி என்று சூரை மீனையும் தேங்காய்த் துருவலையும் வெங்காயத்தோடு பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். இலங்கையில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக்கருவாட்டின் ஊர் அதுதான். முதல் வாய் வைத்ததும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. தனியாகத் தங்குகிற இடத்தில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் ஒரு காலைச் சாப்பாட்டை முதல் மூன்று நாளுக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும். நான் அங்கே ஒரு கிலோகூட இளைக்கவில்லை.

2015-இல் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னம் சிங்கை டல்லாஸ் மேவரிக்ஸ் 52-ஆவது ஆளாக எடுத்தபோது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பட்டாசு வெடித்தார்கள். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. டெக்சஸில் டெவலப்மெண்ட் லீக், பிறகு கனடா என்று அவரும் ஊர் மாறி ஆடினார். ஏழடி இரண்டு அங்குல மனிதருக்கே பாதை இப்படித்தான். அதனால் பிள்ளைகளிடம் நான் வெளிநாட்டைப் பற்றிப் பேசும் முன்னால் சான்றிதழ் ஃபைலைப் பற்றிப் பேசுவேன்.

எனக்கு 2006-இல் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மத்திய அரசு வேலை கிடைத்தது. கிடைத்ததற்குக் காரணம் ட்ரையல்ஸில் நான் ஆடிய ஆட்டம் பாதி. என் அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த சான்றிதழ்கள் மீதிப் பாதி. சர்வதேசப் போட்டிக்கு ஃபார்ம் 1, தேசியப் போட்டிக்கு ஃபார்ம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலானதற்கு ஃபார்ம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு ஃபார்ம் 4. ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு வேறு. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மொத்தம் 100 மதிப்பெண் என்றால் 40 தான் ட்ரையல்ஸுக்கு, 50 பழைய சாதனைகளுக்கு. போட்டி முடிந்த அந்த மாதமே போய்க் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார், பதிவேடு கிடைக்காது. நன்றாக ஆடிய என் நண்பன் ஒருவன் ஒரே ஒரு ஃபார்ம் 3 இல்லாததால் வேலையை இழந்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு வெளி அணிக்கு ஆடப் போக வேண்டுமானால் அலுவலகத்தில் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இருபத்து மூன்று வயதில் முழங்கால் பேச ஆரம்பித்தது. சிமெண்ட் தரையில் வளர்ந்த கால்கள். மூட்டுச் சில்லுக்குக் கீழே, விரல் வைத்தால் சரியாக ஒரே புள்ளியில் வலிக்கும். நீகேப் மாட்டி, ஸ்பிரே அடித்து இரண்டு வருஷம் ஏமாற்றினேன். பிறகு ஒரு பிசியோ அம்மா சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருவது போல் 45 வினாடி நிற்கச் சொன்னார். இடைவெளி விட்டு ஐந்து தடவை. ஆட்டத்துக்கு முன்னால் அதைச் செய்தால் வலி தணிந்தது. ரயில்வே தங்கும் அறை, ஸ்கூல் வகுப்பறை, மாலேயின் படிக்கட்டு என்று எந்தச் சுவரையும் விட்டதில்லை. ஸ்லீப்பரில் பக்கவாட்டு பெர்த் மட்டும் எடுக்காதீர்கள், அது நீளம் குறைவு. ராத்திரி முழுக்க மடங்கிய முழங்கால் காலையில் நீளாது.

அப்படி இருக்கும்போது 2010-இல் மூன்று புள்ளிக் கோடு தள்ளிப் போனது. 6.25 மீட்டரில் இருந்தது 6.75 மீட்டர் ஆயிற்று. அரை மீட்டர்தான். பதின்மூன்று வருஷமாகக் கண்ணை மூடிப் போட்ட ஷாட் வளையத்தின் முன்பக்கத்தில் அடித்துத் திரும்பியது. எங்கள் கோர்ட்டில் பழைய வெள்ளைக் கோடு அழியாமல் இருந்தது. அதற்கு வெளியே சாக்பீஸால் புதுக்கோடு போட்டேன். மாலையில் நிறைய பேர் மிதித்துக் கலைத்துவிடுவார்கள், காலையில் மறுபடியும் போடுவேன். தினமும் 200 ஷாட், நாலு மாதம். கையால் தூரத்தைத் தள்ளப் பார்த்தால் ஷாட் கெட்டுவிடும்; காலிலிருந்து வர வேண்டும், அதற்கும் அந்தச் சுவர்ப் பயிற்சிதான் கைகொடுத்தது. என் வயதுக்காரர்கள் சிலர் அந்த வருஷத்தோடு மூன்று புள்ளி போடுவதையே விட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறு சீசன் கிடைத்தது.

2016-இல் கடைசி அணி. என் கடைசி இரட்டை ஜெர்சியைக் கொடுத்த கிளப்தான். முப்பத்து மூன்று வயது, ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம்தான் இறக்கினார்கள். மீதி முப்பது நிமிஷமும் பெஞ்சிலிருந்து வலது, இடது சொல்லிக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிப்போய் ராத்திரி வெந்நீர் குடிப்பேன்.

அந்தப் பஞ்சாப் அண்ணனைப் பற்றி ஒன்று மிச்சம் இருக்கிறது. அவர் எலும்பு கூடி, பிறகு வேறு ஒரு டிபார்ட்மென்ட் அணிக்குப் பல வருஷம் ஆடினார். எட்டு வருஷம் கழித்து ஒரு போட்டியில் எதிரெதிராக நின்றோம். கை குலுக்கும்போது அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி நிமிஷம், அவர்கள் இருபது புள்ளிக்கு மேல் முன்னால் இருந்தார்கள், ஆட்டம் முடிந்த மாதிரிதான். நான் அவர்களின் கார்டைத் தடுத்தபடி பின்பக்கமாக நகர்கிறேன். முதுகுக்குப் பின்னால் பெரிய உடம்பு ஒன்று வந்து நிற்பது தெரிகிறது, என் ஆட்கள் யாரும் சொல்லவில்லை. மோதுவதற்கு அரை நொடி முன்னால் என் காதுக்கு மேலே, மெதுவாக, ஸ்க்ரீனுக்கு வந்து நின்றவரின் குரலே கேட்டது.

"ஸஜ்ஜே, பாயி."

நான் சுற்றிக்கொண்டு போனேன்.